மழை விட்டதும் பையைத் திறங்கள்

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளி பக்கம் மைதானங்களில் நின்று படம் எடுக்கும் எல்லோருக்கும் இந்த அறிவிப்பு.

தென்மேற்குப் பருவமழை ஓயப்போகிறது. அக்டோபர் இரண்டாம் பாதியில் வடகிழக்கு தொடங்கிவிடும். இடைப்பட்ட இந்த நாட்கள்தான் நமக்கு மோசமானவை. மதியம் வரை வெயில் சுள்ளென்று அடிக்கும், நாலு மணிக்கு ஜவ்வாது மலைப் பக்கம் கறுக்கும், அரை மணியில் கொட்டித் தீர்த்துவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் இறுதியும் தொடர் ஓட்டமும் அதே நாலு மணிக்குத்தான் நடக்கின்றன.

சென்ற ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மழையில் நனைந்து மைதானத்திலேயே செத்துப்போன கேமரா என்று என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்தவை குறைவு. தை மாதம் வந்த லென்ஸ்கள்தான் அதிகம். எருது விடும் விழாவுக்குப் புறப்படும்போதுதான் பெரிய லென்ஸை வெளியே எடுக்கிறார்கள். படம் பால் கலந்தது போல மங்கலாக வருகிறது என்று கொண்டுவருகிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் போல ஃபங்கஸ். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "ஐப்பசியில ஒரு மேட்ச்ணா, பாதியில மழை வந்துடுச்சு. தொடச்சுப் பையில வெச்சேன். அப்புறம் கல்யாண ஆர்டர்." கல்யாணத்துக்கு 24-70 லென்ஸ் போதும். பெரிய 70-200 மூன்று மாதம் ஈரப் பையிலேயே கிடந்திருக்கிறது.

துடைத்தேன் என்கிறீர்களே, பையைத் துடைத்தீர்களா? பையின் உள்தடுப்பில் இருக்கும் நுரைப்பஞ்சு எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அழுத்திப் பார்த்தீர்களா?

ஈரப் பையில் லென்ஸை வைத்து ஜிப்பை மூடாதீர்கள். இந்த அறிவிப்பில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான், வேகமாகச் சொல்கிறேன். லென்ஸ் ஹுட் எப்போதும் மாட்டியிருக்கட்டும். முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கட்டும். கேமராவுக்கு மழை உறை கட்டாயம். பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளலாம் என்றால், 2019 ஜனவரி 1 முதல் கடைகளின் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் தடை. கடையில் கிடைக்கிற துணிப்பையைக் கவிழ்த்து மூடினால் தண்ணீர் இறங்கும். பழைய ரெயின்கோட்டையோ கிழிந்த குடைத் துணியையோ தையல்காரரிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துக் குழாய் போலத் தைத்துக்கொள்ளுங்கள். மழையில் லென்ஸ் மாற்றாதீர்கள். நீண்டு சுருங்கும் ஜூமை மழையில் திருப்பிக்கொண்டே இருந்தால் காற்றோடு ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பருத்தித் துண்டு இரண்டும், ஜிப் மூடிய கவரில் காய்ந்த பேட்டரி ஒன்றும் கையில் இருக்கட்டும். "என்னுடையது வெதர் சீல் போட்ட பாடி" என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். அது தூறலுக்கு. தண்ணீர் உள்ளே போனால் எந்தக் கம்பெனியும் வாரண்டியில் சேர்க்காது.

கேமரா நன்றாக நனைந்துவிட்டதா? ஆஃப் செய்து பேட்டரியை வெளியே எடுங்கள், பிறகு கார்டை. வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்க்கவே கூடாது. ஈரத்தில் மின்சாரம் ஓடினால் போர்டை அரித்துவிடும். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். அரிசி மாவுதான் பட்டனுக்குள் போகும். மூடிகளைத் திறந்து மின்விசிறிக் காற்றில் வைத்து, மறுநாளே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இடிச் சத்தம் கேட்டால் மோனோபாடோடு திறந்த மைதானத்தில் நிற்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள், மரத்தடிக்கு வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் திரும்ப வரவேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலைக் காட்டும். போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏலகிரிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஜோலார்பேட்டை வந்ததும் குளிர்ந்த லென்ஸைப் புழுக்கத்தில் திறந்தால் கண்ணாடி வியர்த்துப்போகும். ஏ.சி. காரிலிருந்து இறங்கினாலும் அப்படித்தான். காய்ந்த பையாக இருந்தால் அரை மணி நேரம் மூடியே வைத்து, சூடு சமமான பிறகு திறங்கள். காய்ந்த பை என்று சொன்னேன், கவனியுங்கள்.

இனி ஃபங்கஸுக்கு வருகிறேன். தோல் பதனிடும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருப்பதுதான் எனக்குக் கோபம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறார்கள். வெட் ப்ளூ தோலை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து போட்டுத்தான் அடுக்குவார்கள். தோலுக்குத் தெரிந்த இந்தப் பாடம் லென்ஸுக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது? பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, அதைத் தடுக்க முடியாது. இருட்டும், அசையாத காற்றும், எழுபது சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் கிடைத்தால் அது முளைக்கும். மூடிய ஈரப் பையில் இந்த மூன்றும் இருக்கின்றன. நம்மூர்த் தோல் பை என்றால் இன்னும் கவனம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதன் மேலேயே பூஞ்சை வளரும். தோல் பை தோளில் தொங்கட்டும், லென்ஸுக்கு வீடாக வேண்டாம்.

வளர்ந்த ஃபங்கஸ் அமிலம் சுரந்து கண்ணாடி மேலுள்ள பூச்சை அரிக்கும். ஆரம்பத்தில் வந்தால் பிரித்துத் துடைத்துவிடலாம். பூச்சை அரித்துவிட்டால் யாராலும் சரிசெய்ய முடியாது. கடன் வாங்கி லென்ஸ் வாங்கிய ஒரு தம்பியிடம், தவணை முடியும் முன்பே இதைச் சொல்லவேண்டி வந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கு மனமில்லை.

ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம்மில் நிறைய. சிலிக்கா தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் குடித்தாலே பெரிது. பொட்டலத்தில் இருப்பது சில கிராம். உங்கள் பை குடித்த மழை அதைப்போலப் பல மடங்கு. போதாததற்கு அந்தப் பொட்டலம் பெட்டியைத் திறந்த நாளிலேயே நிரம்பியிருக்கும். பெயர் எழுதாத பொட்டலம் என்றால் தொடவே வேண்டாம். பூஞ்சைக்கு எதிராக டைமெத்தில் ஃபியூமரேட் வைத்த பொட்டலங்களால் உடம்புத் தோல் வெந்து பலர் துன்பப்பட்டதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் அதைத் தடை செய்தது.

செய்யவேண்டியது இது. வீட்டுக்கு வந்ததும், சோறு சாப்பிடும் முன், பையைக் காலி செய்யுங்கள். தடுப்புகளைப் பிரித்து ஃபேனுக்குக் கீழே போடுங்கள். கேமராவும் லென்ஸும் இரவு முழுக்க மேசை மேல் காற்றாட இருக்கட்டும். காலையில் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். உள்ளே கால் கிலோ சிலிக்காவும் ஒரு ஈரப்பதமானியும் இருக்கவேண்டும். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கவேண்டும். நீல மணி இளஞ்சிவப்பானால் வறுத்துக் காயவையுங்கள், ஆனால் சமைக்கும் சட்டியில் வேண்டாம், அந்த நீலம் நஞ்சு. வசதி உள்ளவர்கள் ட்ரை கேபினெட் வாங்குங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் பீரோவில் பதினைந்து வாட் குண்டு பல்பு எரியவிட்டார்கள். அதுவும் பலன் தரும், துணி படாமல் வைத்தால். எல்.இ.டி. பல்பில் சூடு குறைவு, அது உதவாது.

ஆயுத பூஜையில் கேமராவுக்குச் சந்தனம் வைப்பவர்கள் பொட்டைப் பையின் மேல் வையுங்கள். ஈரச் சந்தனம் டயலுக்குள் இறங்கிக் காய்ந்தால் டயல் திரும்பாது. பாலாற்றங்கரைப் பக்கம் தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர்கள் 2021 நவம்பர் வெள்ளத்தை நினைத்து, பொருளை இப்போதே மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். மழை உறை போட்டீர்கள், நனையாமல் படம் எடுத்தீர்கள், நல்லது. ஆனால் அந்த உறையை எங்கே வைத்தீர்கள்? சொட்டச் சொட்ட லென்ஸுக்குப் பக்கத்திலேயே திணித்து ஜிப் போட்டிருப்பீர்கள். நனைந்த உறை, நனைந்த துண்டு, நனைந்த ஸ்ட்ராப் எல்லாம் வேறு பையில்.

இன்று இரவே பெரிய லென்ஸை எடுங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, அறை விளக்கை அணைத்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசு புள்ளியாகத் தெரியும். கிளை விட்ட நூலாக ஏதாவது தெரிந்தால் தீபாவளிக்கு முன் கொண்டுவாருங்கள், தைக்குக் காத்திருக்க வேண்டாம்.