ஒரே இரத்தம், வெவ்வேறு பிஆர்பி

தலைமன்னாரில் முடி கொட்டத் தொடங்கினால் முதற்பழி கிணற்றுக்குத்தான். உவர்த் தண்ணீரில் முடி வறண்டு, சிக்குப்பட்டு, இடையில் முறியும் என்பது உண்மை. நெற்றியோரம் ஏறுவதும் உச்சி வெளிப்பதும் வேறு விஷயம். பரம்பரையும் டைஹைட்ரோடெஸ்டோஸ்தெரோன் என்ற ஓமோனும் மயிர்க்கால்களைச் சிறுக்கவைப்பதால் வருவது அது. கிணறு மாறினாலும் நிற்காது.

தலைமன்னார் பியர் நிலையத்தில் ரயிலேறி, முடிக்குப் பிஆர்பி ஊசி போடக் கொழும்புக்குப் போகும் இளைஞரிடம் இன்னொரு நம்பிக்கை: “பிஆர்பி எங்க போட்டாலும் ஒண்டுதான், எங்கட இரத்தம்தானே.” இதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, ஆயத்தமாகப் புட்டியில் வரும் மருந்தல்ல. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் சோடியம் சிற்றேற் போன்ற உறைதடுப்பியைச் சேர்த்து மையவிலக்குப் பொறியில் சுழற்றுவார்கள். பொறி நின்றதும் குழாயின் அடியில் செவ்வணுக்கள், மேலே வைக்கோல் நிறப் பிளாஸ்மா, நடுவே மெல்லிய வெண்படலம். டெங்குக் காலத்தில் நாமெல்லாரும் எண்ணிக்கை கேட்கிற பிளேட்லெட் அந்தப் படலத்தை ஒட்டித்தான் கூடுதலாக இருக்கும். சிலர் இந்த ஒரு சுழற்சியோடு நிறுத்திப் பிளாஸ்மாவை எடுத்து ஊசி போடுவார்கள். வேறு சிலர் பிளாஸ்மாவைப் புதுக் குழாய்க்கு மாற்றி, இன்னும் வேகமாக மறுபடி சுழற்றி, மேற்பகுதியை அகற்றிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் எடுப்பார்கள். பொதுவாக இதில் செறிவு கூடும். வெள்ளணுக்களை விடுவதா நீக்குவதா, கல்சியம் குளோரைட்டு சேர்ப்பதா என்பதில் மருத்துவர்களே ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

“நிமிடத்துக்கு 3000 சுற்றில் போடுகிறோம்” என்பதும் தரத்துக்குச் சான்றல்ல. சுழல் ஆரம் 10 சென்ரிமீற்றர் என்றால் அந்த வேகத்தில் கிடைப்பது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1000 மடங்கு விசை. ஆரம் 15 என்றால் 1500 மடங்கு. அதனால் சுற்றைவிட விசையையும் நிமிடத்தையும் கேளுங்கள். இறுதிச் செறிவை எண்ணிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இரத்தத்தில் மைக்ரோலீற்றருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் பிளேட்லெட் இருப்பது வழமை. பிஆர்பியில் 10 லட்சம் வேண்டும் என்று 2001இல் றொபேட் மார்க்ஸ் சொன்னது எலும்பும் புண்ணும் ஆறுவதை மனதில் வைத்து. மயிர்க்காலுக்கென எல்லாரும் ஏற்ற அளவு இன்னும் இல்லை.

“சொந்த இரத்தம், ஆபத்தில்லை” என்பது மிகவும் தவறானது. அமெரிக்காவின் அல்புகேர்க்கியில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் 2018இல் முகத்துக்கு இதே பிஆர்பி செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. அங்கே பெயர் எழுதாத இரத்தக் குழாய்கள் சமையலறை மேடையில் கிடந்தன. உங்கள் குழாயில் உங்கள் பெயர் எழுதப்படுவதைக் கண்ணால் பாருங்கள்.

மூன்று ஊசியில் வழுக்கை தீரும் என்பதும் பொய். மெலிந்த முடி உயிரோடிருக்கும் இடத்தில் ஓரளவு அடர்த்தி கூடலாம், இடையிடையே தொடரவும் வேண்டும். பளபளத்துப்போன உச்சியில் எதிர்பார்க்காதீர்கள். மினொக்சிடிலுக்கும், ஆண்களுக்கான பினாஸ்டரைட்டுக்கும் ஆய்வுச் சான்று கூடுதல்.

காய்ச்சலோ பிரசவமோ கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகவே மீளும். அப்போது பிஆர்பி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும். ரயில் ரிக்கெற் எடுக்க முன், கொட்டுவது எந்த வகை என்று ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.