கீபோர்டும் குரலும்: கையிலிருக்கும் கருவிகளைக் கொண்டு மேடை ஒலி அமைத்தல்

கலையிரவுக்கு வரவு செலவுக் கணக்குப் போடும்போது ஒலியமைப்பு வாடகை பெருந்தொகையாக வந்து நிற்பதைச் செயலவையில் இருந்தவர்கள் அறிவார்கள். ஆனால் ஒரு கீபோர்டும் இரண்டு பாடகர்களும் மட்டும் மேடையேறும் சிறிய நிகழ்ச்சிக்கு, கழக அறையிலும் நண்பர்கள் வீட்டிலும் இருக்கும் கருவிகளே பெரும்பாலும் போதும். அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக வாங்கப்பட்டவை. ஆகவே அவற்றை எப்படி ஒன்றோடொன்று இணைப்பது என்பதே நம் கேள்வி.

1. மூன்று நிலைகள்

மேடைக் கருவிகளில் ஓடும் சமிக்ஞை மூன்று நிலைகளில் இருக்கும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. இது மைக் நிலை. கீபோர்டு, மிக்சர் போன்றவற்றிலிருந்து வருவது லைன் நிலை. தொழில்முறைக் கருவிகளில் இதன் அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளில் ஏறக்குறைய 0.3 வோல்ட். ஆம்ப்ளிபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வது மூன்றாம் நிலை; இது பல பத்து வோல்ட்டை எட்டும்.

ஒரு கருவி எந்த நிலையில் அனுப்புகிறதோ, அடுத்த கருவி அதே நிலையில் வாங்க வேண்டும். கீபோர்டை மைக் துளையில் நேரே செருகினால் ஒலி கரகரக்கும். ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர் துளையை, உள்ளேயே ஆம்ப் கொண்ட பவர்ட் ஸ்பீக்கரில் செருகினால் கருவியே பழுதாகும்.

2. கீபோர்டை இணைத்தல்

பெரும்பாலான கீபோர்டுகளின் பின்புறம் ‘எல்/மோனோ’, ‘ஆர்’ என இரண்டு துளைகள் இருக்கும். ஒரே கம்பி இருந்தால் ‘எல்/மோனோ’வில் செருகுங்கள். மிக்சர் 5 மீட்டருக்குள் இருந்தால் சாதாரண ஜாக் கம்பியால் லைன் துளைக்கு இணைக்கலாம். மிக்சர் மண்டபத்தின் பின்னால் இருந்தால் அந்த நீளத்தில் இரைச்சல் ஏறும். அப்போது டிஐ பெட்டி ஒன்று தேவை. அது கீபோர்டின் ஒலியை மைக் நிலைக்குக் குறைத்து, மூன்று முனை மைக் கம்பி வழியாக இரைச்சலின்றி அனுப்பும். அதை மிக்சரின் மைக் துளையிலேயே செருகலாம்.

கீபோர்டு ஆம்ப் ஒன்றும் கையிலிருந்தால் இன்னும் நல்லது. டிஐ பெட்டியில் பொதுவாக ‘லிங்க்’ அல்லது ‘த்ரூ’ என்ற இன்னொரு ஜாக் துளை இருக்கும். அதிலிருந்து ஆம்புக்கு ஒரு கம்பி கொடுங்கள். வாசிப்பவர் தம் ஆம்பின் ஒலியை விருப்பம்போல் கூட்டிக் குறைத்தாலும், மிக்சருக்குப் போகும் அளவு மாறாது.

மிக்சர் இல்லை, கராவோக்கே ஆம்ப் மட்டும்தான் என்றால், மைக்குகளை மைக் துளையிலும் கீபோர்டை ‘ஆக்ஸ்’ துளையிலும் செருகிச் சமாளிக்கலாம். எக்கோவை மட்டும் நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

3. குரலைச் சேர்த்தல்

பாடகரைப் பாட்டின் உச்ச இடத்தைப் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு ‘கெயின்’ வையுங்கள். மெல்லப் பேசவைத்து அளவு பார்த்தால் உச்சத்தில் ஒலி உடையும். குரலுக்குரிய வரிசையில் ‘லோ கட்’ பொத்தானை அழுத்துங்கள். மைக்கைப் பிடிக்கும் சத்தமும் மூச்சின் ‘புஸ்’ஸென்ற ஒலியும் குறையும். கீபோர்டு வரிசையில் அதை அழுத்த வேண்டாம். இடக்கையின் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும்.

பீட்பேக் என்னும் வீறிடும் சத்தத்தைத் தடுக்க, மண்டப ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளரை நோக்கி வையுங்கள். பாடகருக்கான மானிட்டர், சாதாரண கார்டியாய்டு மைக்கின் வால்பக்கத்தை நேராகப் பார்க்கட்டும். அந்தத் திசையில்தான் மைக்குக்குக் காது மந்தம். வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தால் இந்தப் பயன் போய்விடும். மைக்கை வாயிலிருந்து 10 சென்டிமீட்டருக்குப் பதில் 5 சென்டிமீட்டரில் பிடித்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். கெயினைத் திருகுவதை விட இதுவே நல்ல வழி.

4. சொல் கேட்க வேண்டும்

நம் மேடையில் பாடப்படுவது தமிழ்ப்பாட்டு. ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் கடைசி வரிசையில் ஒன்றாகக் கேட்டால் இசை இனிமையாக இருந்தும் பயனில்லை. சொல்லின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. கீபோர்டின் வலக்கை ஒலிகளும் அங்கே நெருக்கியடிக்கும். எனவே குரலைக் கூட்டுவதற்கு முன், அந்தப் பகுதியில் கீபோர்டை 3 டெசிபல் அளவு குறைத்துப் பாருங்கள்.

ஒத்திகையின்போது, அந்தப் பாடலைக் கேட்டிராத ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, காதில் விழும் வரிகளை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதிய தாளே நம் ஒலியமைப்புக்குக் கிடைத்த மதிப்பெண்.

5. மின்சாரத்தில் கவனம்

‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் கீபோர்டு, ஆம்ப், மிக்சர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். பிறகு டிஐ பெட்டியின் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ விசையைத் தட்டிப் பாருங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் இணைப்பை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். உலோக மைக்கை உதட்டருகே பிடித்திருக்கும் பாடகரின் உயிரைக் காப்பது அதுதான்.

தனி ஆம்ப்ளிபையருடன் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகப் பூட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று அதன் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். இயக்கும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

நிகழ்ச்சி முடிந்ததும் எந்தக் கம்பி எந்தத் துளைக்குப் போனது, எந்தத் திருகு எங்கே நின்றது என்று ஒரு தாளில் வரைந்து மிக்சர் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். செயலவை ஆண்டுதோறும் மாறும். கற்றுக்கொண்டது கருவியோடு அடுத்தவர் கைக்குச் சேரட்டும்.