ஆறரை சென்ட் எங்கே போனது?

எட்டாம் வகுப்பில் அளவுத்திட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். குமாரலிங்கபுரத்தில் எங்கள் பிள்ளைகள் பலரது வீட்டில் மானாவாரிப் புஞ்சை உண்டு. பாடநூல் வரைபடத்தைவிட அவர்கள் நிலத்தின் படமே மனதில் நிற்கும் என்று நினைத்து, வீட்டில் புலப்படம் இருந்தால் எடுத்துவரச் சொன்னேன்.

மறுநாள் ஒரு மாணவி, கணினி மையத்தில் அச்செடுத்த புலப்படமும் பட்டா நகலும் கொண்டுவந்தாள். பட்டாவில் 0.40.50 ஹெக்டேர், ஏறத்தாழ ஒரு ஏக்கர். படத்தின் அளவுத்திட்டம் 1:1000. தாளில் 1 மி.மீ. என்றால் தரையில் 1 மீட்டர். ஸ்கேல் வைத்து அளந்தாள். நீளம் 87 மி.மீ., அகலம் 43.5 மி.மீ. பெருக்கினால் 3,784.5 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்று வகுத்தால் 93.5 சென்ட்தான் வந்தது.

"ஆறரை சென்ட் காணோம் சார். அப்பா பெரியப்பாகிட்ட சண்டைக்குப் போகப் போறாரு."

வகுப்பு சிரித்தது. நான், "ஸ்கேலை நேராக வைத்து அள" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். தவறு என்னுடையது. இன்னும் மூன்று பேர் அளந்தும் அதே 87தான். பிறகுதான் கோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன்: 90.0. மற்றப் பக்கத்தில் 45.0. நிலத்தின் அளவு அந்த எண்கள்தான். 90ஐ 45ஆல் பெருக்கினால் 4,050 சதுர மீட்டர். பட்டாவில் உள்ளது அப்படியே வருகிறது. குறைந்தது நிலம் அல்ல, படம்.

அச்செடுத்தவர் பக்கத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கியிருக்கிறார். 87/90 என்றால் நீளத்தில் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான குறைவு. நீளம், அகலம் இரண்டும் குறைவதால் பரப்பில் அது ஆறரை சதவீதம் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் எல்லோரும் தடுமாறிய இடம் இது. இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுத்தேன். கொடுக்கத் தகுந்ததுதான்.

அச்சு சரியா என்று பார்க்க ஒரு வழி வேண்டுமே? இங்கே பாயிண்ட் வந்தது. சிவகாசி அச்சகங்களில் உறவினர் வேலை பார்ப்பதால் சிலருக்கு அந்தச் சொல் முன்பே தெரிந்திருந்தது. 12 பாயிண்ட் ஒரு பைக்கா. கணினியில் 72 பாயிண்ட் சரியாக ஓர் அங்குலம். (ஈய எழுத்துக் காலத்து ஆங்கிலப் பாயிண்ட் அங்குலத்தில் 72.27இல் ஒரு பங்கு. எட்டாம் வகுப்புக்கு அந்த நுணுக்கம் வேண்டாம்.) பிடிஎஃப் கோப்பில் ஏ4 தாள் 595க்கு 842 பாயிண்ட். 72 பாயிண்ட் நீளத்தில் ஒரு கோடு போட்டு அச்செடுத்து, அது 25.4 மி.மீ. இருக்கிறதா என்று அளந்தால் போதும். குறைந்தால் 'உண்மை அளவு' என்று தேர்ந்து மறுபடி அச்செடுக்க வேண்டும்.

அந்த மாணவியின் தாத்தா பெட்டியில் வைத்திருந்த பழைய நகல் அடுத்த நாள் வந்தது. அதில் 447, 224 என்று இருந்தது. மீட்டர் அல்ல, லிங்க்ஸ். 1620இல் எட்மண்ட் கண்டர் வகுத்த சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் 66 அடிதான் என்றதும் பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதனால் 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். 447 × 224 = 1,00,128. மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 100.128 சென்ட். பழைய முறையில் வகுத்தலே தேவைப்படவில்லை! ஆனால் சங்கிலி என்றாலே 66 அடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தது 100 அடிச் சங்கிலியால்.

ஒரு லிங்க் 7.92 அங்குலம். 72ஆல் பெருக்கினால் 570.24 பாயிண்ட். ஒரு சங்கிலி 57,024 பாயிண்ட். "12 பாயிண்ட் வரியா அடுக்கினா எத்தனை வரி சார்?" என்று ஒருவன் கேட்டு, அவனே 4,752 என்று போட்டான்.

அந்த வாரம் மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்தார். சரியான அளவில் எடுத்த அச்சை மேசையில் வைத்து, அவர் மகளையே அளந்து காட்டச் சொன்னேன். 90 மி.மீ.

"அப்ப அண்ணன் மேல தப்பில்லையா சார்?" என்றார். சற்று யோசித்து, "ஆனா வரப்பு ஒரு சால் அளவுக்கு நகந்திருக்கே" என்றார்.

அதற்குப் படத்தில் பதில் தேடினோம். 1 பாயிண்ட் தடிமனுள்ள கோடு தாளில் 0.35 மி.மீ.; 1:1000 படத்தில் அது தரையில் 35 செ.மீ. வரப்பே கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது. மைலுக்கு 16 அங்குலம் என்ற பழைய கிராம வரைபடத்தில் இதே கோடு தரையில் 55 அங்குலம், நாலரை அடிக்கு மேல். எந்தப் பக்கம் எவ்வளவு என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளவைக் கல்லிலிருந்து பிடித்து அளக்க வேண்டும். கோடையில் கரிசல் வெடிக்கும்போது கல்லே சாய்வதும் உண்டு.

நில அளவருக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்தே மனு கொடுத்திருக்கிறார்கள். அளக்கும் நாளில் வகுப்பையும் அழைத்துவரலாமா என்று கேட்டிருக்கிறேன்.