தூரத்து வேண்டுதலும் விஷக்கடி வைத்தியமும்

பெரியபுராணத்திலே அப்பூதியடிகணாயனார் சரித்திரத்தைக் கேட்கும் மாணாக்கர், “பாம்பு தீண்டியவரைப் பதிகம் பாடி இக்காலத்தும் எழுப்பலாமா?” என வினாவுதல் இயல்பு. உரும்பிராய் போலுஞ் செம்மண் தோட்டக் கிராமங்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டத்திலே ஒருவர் பாம்பை மிதித்துவிடின், வைத்தியசாலைக்குச் செல்வதா, பார்வை பார்ப்பவரிடஞ் செல்வதா என்பதை வீட்டார் கணப்பொழுதிலே துணிதல் வேண்டும். அத்துணிவுக்குப் பள்ளியிற் கேட்ட பாடமும் ஒரு காரணமாதலின், இதனை ஈண்டு ஆராய்வாம்.

திங்களூரிலே மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டி இறந்தபொழுது, பெற்றோர் அவ்வுடலை மறைத்து, அடியவரை அமுது செய்விக்கவே முயன்றனர். மகனை எழுப்பித் தருமாறு அவர்கள் வேண்டினாரல்லர். நாவரசர் உண்மை அறிந்து, திருவருளை முன்னிட்டுப் பதிகம் பாடினார். இச்சரித்திரம் உணர்த்துவது அடியாரிடத்து வைத்த அன்பின் பெருமையேயன்றி, விஷந்தீர்க்கும் முறையன்று.

தூரத்திலிருந்து ஒருவர்பொருட்டு வேண்டுதல் யாது என்பதற்குத் திலகவதியார் வரலாறே தக்க சான்று. தம்பியார் சமண் பள்ளியிலே இருப்ப, அம்மையார் திருவதிகையிலிருந்து இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலின் பயனாகத் தம்பியார்க்கு முதலில் வந்தது சூலைநோய்! அந்நோயே அவரைத் தமக்கையாரிடத்தும், பின்பு திருவதிகை வீரட்டானத்தும் சேர்த்தது. அங்கே நோயும் நீங்கிற்று. ஆகவே, வேண்டுதல் இறைவனை நாம் ஏவும் ஏவலன்று. நாம் விரும்பிய பயனையே நாம் குறித்த காலத்தில் தரும் மருந்துமன்று.

மேல்நாட்டார் இதனை அளந்தறியவும் முயன்றனர். அமெரிக்காவில் ஆறு வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சை பெற்ற 1,802 பேரிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சி 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தம்பொருட்டுப் பிறர் வேண்டுவரோ அல்லரோ என்பதை அறியாதிருந்தாருள், வேண்டப்பெற்றார் நூற்றுக்கு 52 பேருக்கும், வேண்டப்பெறாதார் 51 பேருக்கும் இடர்கள் நேர்ந்தன. வேண்டப்படுதலை உறுதியாய் அறிந்தவருக்கோ 59 பேருக்கு நேர்ந்தன. இதனால் இறைவன் இலன் என்பது பெறப்படாது. வேண்டுதலை மருந்தாக வைத்து அளத்தல் பொருந்தாது என்பதே பெறப்படும்.

அற்றேல், மந்திரித்துப் பலர் பிழைத்தனரே எனின், கூறுதும். தூதன் வந்த நேரம், நின்ற நிலை, சொல்லிய சொல் என்பவற்றால் நோயாளியைக் காணாமலே பிழைப்பும் இறப்பும் துணியுந் தூதலக்கணம் விஷவைத்திய நூல்களில் உண்டு. தந்தியடித்தாலே தூரத்தில் விஷமிறங்கும் என்னும் பேச்சும் முற்காலத்திலே தென்னிந்தியாவில் வழங்கிற்று. 2016ஆம் ஆண்டில் வெளியான இலங்கை ஆராய்ச்சியொன்று, ஓராண்டிலே ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடியுற, அவருள் 30,000 பேர்க்கே விஷமேறிற்று எனவும், 400க்கு மேற்பட்டோர் இறந்தனர் எனவும் மதிப்பிட்டது. கடியுண்டாருட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு விஷமே ஏறவில்லை. அவர் யாரிடஞ் சென்றாலும் பிழைப்பர். புகழ் மந்திரித்தவரைச் சேரும். விஷமேறியவரோ அங்கே காலம் போக்கி உயிரிழப்பர்.

திருக்குறள் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம், நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என வைத்தியத்தை நான்காக வகுக்கும். அன்புடையார் கொள்ளவேண்டிய இடம் இந்நான்காவது. கடிவாயைக் கீறாமலும், உறிஞ்சாமலும், இறுகக் கட்டாமலும், கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, விஷமுறிப்பு மருந்துள்ள வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்க. உரும்பிராயிலிருந்து பலாலி வீதிவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அண்மையிலேயே உள்ளது. திருநீறணிதலும் திருப்பதிகம் ஓதுதலும் வழியிலே செய்யத்தக்கன. அவற்றின்பொருட்டுப் புறப்பாடு ஒரு நாழிகையுந் தாழ்க்கலாகாது. வைத்தியர் கையும் அவன் திருவருள் வழியதே.

மாணாக்கரை வினாவத்தக்கன:

1. அப்பூதியடிகளார் மகனது உடலை மறைத்தது யாதுபற்றி?
2. திலகவதியார் வேண்டுதலால் முதலில் விளைந்தது யாது? முடிவில் விளைந்தது யாது?
3. மந்திரித்தோருட் பலர் பிழைத்தல் எதனால்?
4. பாம்பு தீண்டியவரை முதலில் எங்கே கொண்டுசெல்லல் வேண்டும்?

திருச்சிற்றம்பலம்.