குழாயின் வாய் யாரைப் பார்க்கிறது?



ஆய்வுகூடச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் விதிகளை நானும் உங்களைப் போலவே பல தடவை வாசித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதிப் புள்ளி பெற்றிருக்கிறேன். ஆனால் அவற்றுள் ஒன்றை நான் உண்மையாக விளங்கிக்கொண்டது தரம் 10 இல், என் தோழியின் புறங்கையில் எழுந்த கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான். ஆகவே விதிகளுக்கு முன்னர் அந்த நாளைச் சொல்கிறேன்.

அன்று எங்களுக்கு உணவுச் சோதனைகள். குளுக்கோசுக் கரைசலுடன் பெனடிக்ற்றின் கரைசலைச் சேர்த்து வெப்பமேற்ற வேண்டும். நீல நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கட்டிச் சிவப்பு வீழ்படிவு தோன்றும். கொதிநீர் உள்ள முகவைக்குள் சோதனைக்குழாயை வைத்தே வெப்பமேற்றும்படி டீச்சர் சொல்லியிருந்தார். பாடவேளை முடிய ஐந்து நிமிடமே இருந்தது. நீர் கொதிக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. குழாயை இடுக்கியால் பிடித்து, அதன் அடியை நேரே சுவாலையில் காட்டினேன். பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி ஏதோ கேட்டாள். திரும்பிப் பதில் சொன்னேன். 'டுப்' என்றொரு சத்தம். நீலத் திரவம் முழுவதும் எதிரே குனிந்து எழுதிக்கொண்டிருந்த என் தோழியின் புறங்கையில் பாய்ந்திருந்தது. அவளது வெள்ளைப் பர்தாவில், கன்னத்தை ஒட்டிய இடத்தில், ஒரு நீலத் துளி. கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே.

"ஒண்டுமில்லடி, டீச்சருக்குச் சொல்லாத" என்று கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பற்பசை பூசியிருக்கிறாள். மறுநாள் கொப்புளத்தைக் கண்ட டீச்சர் எங்கள் இருவரையும் அழைத்தார். ஏசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "குழாயின் வாய் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் நான் அதைப் பார்க்கவே இல்லை.

திரவம் ஏன் அப்படிப் பாய்ந்தது? சோதனைக்குழாய் ஒடுங்கியது. அடியை மட்டும் சூடாக்கினால், மேலேயுள்ள திரவம் கொதிக்கும் முன்னரே அடியில் ஆவிக்குமிழி உண்டாகிவிடும். 1 மில்லிலீற்றர் நீர் முழுவதும் ஆவியானால், அது 1600 மில்லிலீற்றருக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். நாம் பாவிக்கும் குழாய் கொள்வதோ ஏறத்தாழ 20 மில்லிலீற்றர். ஆகவே அடியில் சில துளிகள் திடீரென ஆவியானாலே போதும். மேலேயுள்ள திரவத்தை அது தள்ளிக்கொண்டு வெளியேறும். அதற்கு இருப்பது ஒரே வழி, குழாயின் வாய்.

இது விளங்கினால் விதிகளை மனனம் செய்யத் தேவையில்லை. குழாயில் மூன்றிலொரு பங்குக்கு மேல் திரவம் எடுக்காதீர்கள். இடுக்கியால் வாய்ப்பக்கத்தை அண்டிப் பிடித்து, குழாயைச் சரிவாக வையுங்கள். திரவத்தின் மேற்பகுதியிலிருந்து தொடங்கி, மெல்ல ஆட்டியபடி மேலும் கீழுமாகச் சூடாக்குங்கள். ஒரே இடத்தில் நிறுத்த வேண்டாம். வாய் உங்களையோ வேறு எவரையுமோ பார்க்கக் கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று மேலிருந்து எட்டிப் பார்க்கவும் கூடாது, பக்கவாட்டில் பாருங்கள். மணக்க வேண்டுமானால் மூக்கைக் கொண்டுபோகாமல், கையால் காற்றை உங்கள் பக்கம் மெதுவாக விசிறுங்கள். பெருவிரலால் வாயை மூடிக் குலுக்குவதும் தவறு. குழாயின் அடியை விரலால் தட்டினாலே திரவம் கலந்துவிடும்.

இலையில் மாப்பொருள் உண்டா என்று சோதிக்கும்போது, பச்சையத்தை அகற்ற அற்ககோலைப் பாவிப்போம். அந்தக் குழாயைச் சுவாலையில் காட்டவே கூடாது. அற்ககோலின் ஆவி தீப்பற்றும். அது ஏறத்தாழ 78 பாகை செல்சியஸிலேயே கொதிப்பதால், அடுப்பை அணைத்த பின் முகவையிலுள்ள சுடுநீரே போதுமானது.

சூடான கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகமானால் தொடாமல், புறங்கையை அருகில் கொண்டுசென்று பாருங்கள். சூடான குழாயைக் குழாய்நீரில் பிடிக்காதீர்கள். கண்ணாடி ஓர் அரிதிற் கடத்தி. வெளிப்புறம் குளிர்ந்து சுருங்கும்போது உட்புறம் இன்னும் விரிந்தே இருப்பதால் வெடித்துவிடும். போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி, சாதாரண கண்ணாடியைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே விரிவதால் ஓரளவு தாங்கும். ஆனால் கீறல் விழுந்த குழாயாயின் அதுவும் தாங்காது. ஆகவே எடுக்கும்போதே விளிம்பையும் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

நமது உடையையும் கவனிக்க வேண்டும். பர்தாவின் தொங்கும் முனைகளை உள்ளே செருகி ஊசி குத்திக்கொள்ளுங்கள். பொலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் சோம்பாமல் அணியுங்கள். நாம் பாவிக்கும் சுடரடுப்புக்குப் பெயர் தந்த ரொபேட் பன்சன், ஆர்சனிக் சேர்வையொன்றை ஆராய்ந்தபோது நிகழ்ந்த வெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அவ்வளவு பெரிய இரசாயனவியலாளருக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்று எண்ண முடியாது.

குழாய் உடைந்துவிட்டால் உடனே டீச்சரிடம் சொல்லுங்கள். காசு கட்ட வேண்டி வரும், ஏச்சு விழும் என்று பயந்து, துண்டுகளைத் தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போடுபவர்கள் உண்டு. அந்தக் கூடையை வெறுங்கையால் வெளியே கொட்டுபவர் நமது பாடசாலையின் சுத்திகரிப்பு ஊழியர். துண்டுகளைத் தும்புத்தடியால் கூட்டி, கண்ணாடிக்கென்று வைத்த பெட்டியில் போடுங்கள். அமிலமுள்ள குழாயைப் பெயரெழுதாமல் தாங்கியில் விட்டுப்போவதும் அதே தவறுதான். அடுத்த பாடவேளைக்கு வரும் சிறுமி அதைத் தண்ணீர் என்றே நினைப்பாள்.

தவறி விபத்து நேர்ந்தால், சுட்ட இடத்தை ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். கண்ணில் இரசாயனம் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடமாவது நீர் ஓடவிட்டு, பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எதுவானாலும் மறைக்காதீர்கள். அன்று நான் உடனே சொல்லியிருந்தால், அவளது கை தண்ணீரில் இருந்திருக்கும். தழும்பும் இவ்வளவு இருந்திருக்காது.

இன்று நாங்கள் இருவரும் உயர்தர உயிரியல் பிரிவில் ஒரே மேசையில் செய்முறை செய்கிறோம். நான் இடுக்கியைக் கையிலெடுத்ததும், அவள் தழும்புள்ள கையால் தன் கொப்பியை மூடிவிட்டு, "வாய் எங்கடி பார்க்குது?" என்று கேட்பாள். சுவரைக் காட்டிய பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அடுத்த செய்முறைப் பாடத்தில் நீங்களும் எதிரே இருப்பவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.