பழைய காருக்குப் புதிய சுருள்வில்

சுருள்வில் ஒன்றின் நுனியில் எடையைத் தொங்கவிட்டுச் சற்றே கீழே இழுத்து விட்டால், அது மேலும் கீழுமாக அலைவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். எடையை மாற்றாமல், வில்லை மட்டும் இன்னும் விறைப்பானதாக மாற்றினால் அலைவு வேகமாகும். காரின் சஸ்பென்ஷன் என்பது அடிப்படையில் இந்தச் சோதனைதான். காரின் உடல் எடை. சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே சுருள்வில்.

ஓர் உண்மையான காரையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டில் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டது. எடை சுமார் 950 கிலோகிராம்தான். 'ஜின்பா இத்தாய்', அதாவது குதிரையும் குதிரைவீரனும் ஓருடல் என்பதே வடிவமைத்தவர்களின் குறிக்கோள். முதல் தலைமுறைக் கார்கள் 1997 வரை வந்தன. இன்றும் பலர் அவற்றைப் பேணி ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு கார் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பங்களில் சாய்கிறது, மேடுபள்ளங்களில் குலுங்குகிறது. எதை மாற்றுவீர்கள்?

"விறைப்பான வில் போடுங்கள், காரைத் தாழ்த்துங்கள்" என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

காரின் எடையால் வில் அமுங்கும் அளவு தெரிந்தால் அலைவெண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த அமுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π-ஆல் வகுக்க வேண்டும். சக்கர இடத்தில் 11 செ.மீ. அமுக்கம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 1.5 அலைவுகள். வில்லின் விறைப்பை இரு மடங்காக்கினால் அமுக்கம் 5.5 செ.மீ. ஆகிவிடும், அலைவெண் 2.1. விறைப்பு இரு மடங்கானாலும் அலைவெண் 1.4 மடங்குதான் ஆகிறது என்பதைக் கவனித்தீர்களா?

ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வாங்கிய ஆற்றலை அது செலவழிக்காது. சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டுமே இருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் வெகுதூரம் ஊஞ்சலாடிக்கொண்டே போகும். அதை அடக்குவதற்குத்தான் ஷாக் அப்சார்பர் இருக்கிறது. எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். உள்ளே நுண்துளைகள் கொண்ட ஒரு பிஸ்டன். துளைகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துச் செல்லும்போது அலைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வேகமாக ஓடிய காரின் ஷாக் அப்சார்பர் சுடுவது இதனால்தான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வில் இரு மடங்கு விறைப்பானால், அதே அளவுக்கு அடக்க ஷாக் அப்சார்பரின் தடை 1.4 மடங்காக வேண்டும். முப்பது வருடம் உழைத்து, எண்ணெய் கசிந்துபோன பழைய ஷாக் அப்சார்பர் பழைய வில்லையே அடக்கத் திணறும். புதிய வில்லை எப்படி அடக்கும்? சக்கரம் சாலையைப் பற்றாமல் துள்ளத் தொடங்கும். துள்ளி எழும் கணத்தில் டயருக்குப் பிடிப்பே இல்லை. ஈரமான திருப்பத்தில் இது நேர்ந்தால், கார் சுழன்று எதிர் வண்டியின் பாதைக்கே போய்விடலாம். எனவே முதல் செலவு ஷாக் அப்சார்பருக்கு. கூடவே, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் பார்க்க வேண்டும். ரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். பிறகு சக்கரம் நினைத்த திசையில் நிற்காது. எம்எக்ஸ்-5 காரில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்குவதால் புஷ்கள் நிறைய. இவற்றை மாற்றியபின் ஓட்டிப் பார்த்தாலே, இனி வேறெதுவும் வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றிவிடும்.

அடுத்து, காரைத் தாழ்த்தும் ஆசை. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை இடம் மாறுகிறது. எவ்வளவு? ஓட்டுநரோடு 1000 கிலோ, ஈர்ப்பு மையத்தின் உயரம் 50 செ.மீ., இரு சக்கரங்களுக்கும் இடையே 140 செ.மீ., பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு என்று கொள்வோம். 1000 × 0.8 × 50 ÷ 140 = சுமார் 286 கிலோ எடை. காரை 3 செ.மீ. தாழ்த்தினால்? 269. இவ்வளவுதான் லாபம்! இந்தக் கணக்கில் வில்லின் விறைப்பு எங்காவது வருகிறதா? வரவில்லை. விறைப்பான வில் சாய்வைக் குறைக்கும். மொத்தச் சுமைமாற்றத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். இந்தச் சிறு லாபத்துக்காகச் சக்கரம் மேலெழுவதற்கு இருந்த இடத்தில் 3 செ.மீ. போய்விடுகிறது. பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் முட்டிக்கொள்ளும். அழகுக்காகத் தாழ்த்துகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது அவர் விருப்பம். அறிவியலைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

வில்லை ரம்பத்தால் அறுத்துத் தாழ்த்துபவர்களும் உண்டு. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும். சக்கரம் கீழே தொங்கும்போது, குட்டையான வில் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். இதைச் செய்யவே வேண்டாம்.

சாய்வை மட்டும் குறைக்க வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் எஃகுத் தண்டு ஒன்று உண்டு. கார் சாயும்போது அது முறுக்கப்பட்டுச் சாய்வை எதிர்க்கும். இரு சக்கரங்களும் சேர்ந்து எழுந்தால் முறுகாது. ஆகவே வில்லைப்போல் எப்போதும் குலுக்காது. இதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம். 20 மி.மீ. தண்டுக்குப் பதிலாக 22 மி.மீ. தண்டு போட்டால் 1.1-இன் நான்காம் படி, அதாவது 1.46 மடங்கு! கண்ணுக்குத் தெரியாத 2 மி.மீ. செய்யும் வேலை இது.

முன்தண்டை மட்டும் தடிமனாக்கினால் முன் டயர்கள் முதலில் பிடிப்பிழக்கும். வண்டி வளைய மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்தண்டை மட்டும் தடிமனாக்கினால் வால் வெளியே வீசும். பழகாத ஓட்டுநருக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்தண்டின் விட்டம் 12 மி.மீ. கடைக்காரர் 15 மி.மீ. தண்டை நீட்டி, "கொஞ்சம்தான் தடிமன்" என்கிறார். விறைப்பு எத்தனை மடங்கு கூடும்? வாங்கலாமா?