கொடைக்கானல் ஏரியைச் சைக்கிளில் சுற்றுகிறீர்களா?

1863-இல் உருவாக்கப்பட்ட இந்த ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கி.மீ. சாலை உண்டு. வாடகை சைக்கிள் அங்கேயே கிடைக்கும்.

● வண்டி எடுக்கும்முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால்நுனி தரையைத் தொட வேண்டும்.

● நடப்பவர்கள், குதிரைகள், கார்கள் எல்லாமே ஒரே சாலையில்தான். இடப்பக்கமாகவே ஓட்டுங்கள். முந்தும்முன் மணியடியுங்கள். குதிரை மிரளும் என்பதால் அதன் அருகில் மட்டும் மணியடிக்காமல் மெதுவாக விலகிச் செல்லுங்கள்.

● மழை பெய்திருந்தால் சாலை வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்காதீர்கள்.

● கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் சீக்கிரம் மூச்சு வாங்கும். நின்று இளைப்பாறிச் செல்லுங்கள்.

● குடிநீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஏரிக்கரையில் குப்பை போடாதீர்கள்.